விருந்தினர் காணாத மலை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பல தேசங்களிலிருந்தும் உல்லாசப் பிரயாணிகள் நமது ஊவா மலைகளை நாடி வருகின்றனர். புகையிரத வாசலில் நின்று பள்ளத்தாக்கைக் கண்டு பரவசமடைகின்றனர். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்கின்றனர். தெமோதரை நிலையத்தைக் கடந்த பாதை, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினுள் நுழைவதைக் கண்டு வியக்கின்றனர். 210 அடி உயரத்திலிருந்து வீழும் துன்ஹிந்த அருவியைக் கண்டு மெய்ம்மறக்கின்றனர்.

சென்ற வருடம் நம்மிற் சிலர் அப்பாலத்துக்குச் சென்றிருந்தோம். வெளிநாட்டார் ஒருவர், "இதன் வயது என்ன?" என்று வினவினார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "அதோ தெரியும் மலையின் பெயருக்குப் பொருள் என்ன?" என்றார். நமுனுகுல என்றால் ஒன்பது சிகரங்கள் என்பதைக்கூட நம்மில் எவரும் சொல்லவில்லை. பின்னர் அவர் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் படம் பிடித்தார், பெயரைக் கேட்கவில்லை. அது அவர் குற்றமா? அருகில் நின்ற நாமும் கேட்கவில்லையே!

அன்பர்களே, அவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டியவை எத்தனை! 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின், இம்மலைகளிற் தேயிலை பரவியது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் உழைப்பால் அது தழைத்தது. ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருகிறது. டார்ஜிலிங், கீமுன் ஆகியவற்றோடு சேர்த்து உலகம் அதனைப் போற்றுகிறது. அதனை வளர்த்த மக்களோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாகப் பல குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டிலேதான் பிரஜாவுரிமைச் சட்டம் வழி திறந்தது. இவ்வரலாற்றை அறியாத விருந்தினர் பசுமையைக் கண்டு செல்கிறார். அதன் வேரைக் காணாமலே செல்கிறார்.

ஜப்பானிலே உஜி என்னும் ஊர் தேயிலைக்குப் பேர்போனது. அங்கே செல்லும் பிரயாணிகள் தேநீரைப் பருகுவதோடு அதன் கதையையும் கேட்டுத் திரும்புகின்றனர். நமக்கு மட்டும் சொல்வதற்குக் கதையில்லையா?

ஆகவே வாலிபர்களே, மூன்று காரியங்களை இன்றே தொடங்குவோம். லயங்களில் வாழும் முதியோரிடம் அமர்ந்து, அவர்கள் வாய்மொழியை எழுதி வைப்போம். மலையையும் அருவியையும் குப்பையின்றிக் காப்போம். வருவோரிடம் கைநீட்டாது, கைகூப்பி வரவேற்று, நம் கதையை நிமிர்ந்து சொல்வோம்.

பெரியோர்களே, உங்கள் நினைவுகளை எங்களுக்குத் தாருங்கள். நீங்கள் சொல்லாது விட்டால் நாங்கள் அறியோம்; நாங்கள் அறியாவிட்டால் உலகமும் அறியாது.