செங்கோட்டையும் ஒரு சொல்லும்



குற்றாலச் சாரல் வீசும் எல்லைக்குள், தென்காசிக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயின் வாயிலில் அமைந்த சிற்றூர் செங்கோட்டை. 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக விளங்கிப் பின்னர்த் தமிழகத்தோடு இணைந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. நாடக மேடையில் இசையால் புகழ் நாட்டிய எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊரும் இதுவே. எனினும் ஊர்ப்பெயரைக் கேட்டதும் பலர் நினைவில் முதலில் எழுபவர் வாஞ்சிநாதனே.

1886-இல் இவ்வூரில் பிறந்த வாஞ்சி, புனலூரில் வனத்துறையில் பணியாற்றியவர். 1911 சூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில், தொடர்வண்டியில் மனைவியோடு அமர்ந்திருந்த நெல்லை ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டு மாய்ந்தார். 1908-இல் வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்ட காலத்தில், தூத்துக்குடியில் சுதேசி இயக்கத்தை ஒடுக்கிய அதிகாரிகளுள் ஆஷும் ஒருவர். ஆகவே வாஞ்சியின் செயல் விடுதலை வேள்வியாகப் போற்றப்பட்டது. மணியாச்சி நிலையமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

ஆயின், அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் வேறொரு வினாவை எழுப்புகின்றது. ஆங்கிலேயர் நாட்டைப் பறித்ததைச் சொல்லும் அக்கடிதம், அவர்கள் சனாதன தருமத்தை அழிப்பதாகவும் குமுறுகின்றது. இலண்டனில் முடிசூட இருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை மாட்டிறைச்சி உண்ணும் மிலேச்சன் என இகழ்ந்து, ‘பஞ்சமன்’ என்றும் சுட்டுகின்றது.

இச்சொல்லே இங்கு ஆராயத்தக்கது. வடமொழியில் ‘பஞ்சம’ என்பது ஐந்தாவது எனப் பொருள்படும் எண்ணுப்பெயர். ஐந்தாம் ஜார்ஜைக் குறிக்க அஃது இயல்பாகவே பொருந்தும். சாதி வசை அதில் இல்லை என்பார் வாதம் இது. ஆனால் நால்வருணத்துக்குப் புறத்தே தள்ளப்பட்டோரை இழித்துரைக்கவும் அக்காலத்தில் அச்சொல்லே வழங்கியது. சொல் தனித்து நின்றால் எண் என்று அமையலாம். மாட்டிறைச்சியையும் மிலேச்சனையும் அடுத்து நிற்கும்போது, எண் என்ற விளக்கம் மட்டும் போதுவதாயில்லை. ஒரு சொல்லின் பொருளை அதன் அயலில் நிற்கும் சொற்களே வரையறுக்கும் என்பது புலவர் அறிந்த நெறியன்றோ?

மறுதரப்பிலும் எச்சரிக்கை வேண்டும். ஆஷ் குற்றால அருவியை எல்லார்க்கும் திறந்துவிட்டார் என்றும், பேறுகால வேதனையுற்ற ஒடுக்கப்பட்ட பெண்ணை அக்கிரகாரத்தின் வழியே அழைத்துச் சென்றார் என்றும், அதனாலேயே கொல்லப்பட்டார் என்றும் செய்திகள் உலவுகின்றன. ஆஷ் கொலை பற்றி ஆ. சிவசுப்பிரமணியனும் ஆ.இரா. வேங்கடாசலபதியும் ஆவணங்களைத் துருவி எழுதியுள்ளனர். அத்தகைய ஆவணச் சான்று இக்கதைகளுக்குக் காட்டப்படவில்லை. கடிதத்தின் சாதிமொழியைக் கண்டிக்கக் கடிதமே போதும். சான்றற்ற கதை, நேரிய கண்டனத்தின் வலிமையைக் குறைத்துவிடும்.

வாஞ்சியைப் பாடும் கவிஞர்க்கு இவ்விடத்தே ஒரு கடமை உண்டு. துப்பாக்கியைப் பாடிக் கடிதத்தை மறைக்கும் பாட்டு, அச்சொல்லால் காலங்காலமாகக் குத்துண்டவர் செவியில் புண்ணாகவே விழும். கடிதத்தை மட்டும் காட்டி அடிமை ஆட்சியின் கொடுமையை மறைக்கும் பாட்டும் அரைகுறையே. அந்நிய ஆட்சிக்கு எதிராக உயிரீந்தவரும், சக மனிதரை இழிக்கும் மொழியில் அதனை எழுதியவரும் ஒருவரே. செங்கோட்டைச் சிறுவன் ஒருவன் தன் ஊர்ச் சிலையைக் காட்டி ‘இவர் யார்?’ என வினவினால், இரண்டையும் சொல்லும் துணிவு விடையளிப்பவர்க்கு வேண்டும். அவ்விடையைச் செம்மையான தமிழில் ஆக்கித் தருவது கவிஞர் பணி. பத்தாண்டு நிறைவுறும் இவ்விலக்கிய வட்டத்திலிருந்து அத்தகைய பாடல் ஒன்று பிறக்குமாயின், அஃது ஊருக்கும் மொழிக்கும் பெருமை சேர்க்கும்.