கையொப்பத்துக்குச் சுங்கம் வசூலிப்பது யார்?

(மென்பொருள் ஊழியர்கள், அறிவியல் ஆர்வலர்கள் ஆகியோரிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊருக்குச் செல்ல ஒரே ஒரு சாலைதான் இருக்கிறது என்றால், அச்சாலையில் சுங்கச்சாவடி வைத்திருப்பவர் கேட்டதே கட்டணம். தொழில்நுட்பத் தரநிலைகளும் இத்தகைய சாலைகளே. எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று அரசோ, தரநிர்ணய அமைப்போ அறிவித்துவிட்டால், அந்த முறையின் மீது காப்புரிமை வைத்திருப்பவர் அன்றுமுதல் சாவடியின் உரிமையாளராகிவிடுகிறார். டிஜிட்டல் கையொப்பத் தரநிலைகளின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

வருமான வரிக் கணக்கு, நிறுவனங்களின் ஆண்டறிக்கை, மின்னணு ஒப்பந்தப்புள்ளி, வங்கிப் பரிமாற்றம் என்று இன்று டிஜிட்டல் கையொப்பம் நுழையாத இடமில்லை. தாளில் இட்ட கையெழுத்தின் படத்தை ஒட்டுவது டிஜிட்டல் கையொப்பமாகாது. கையொப்பமிடுபவரிடம் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று அவர் மட்டுமே வைத்திருக்கும் தனிச்சாவி. மற்றது யாரும் பார்க்கக்கூடிய பொதுச்சாவி. தனிச்சாவியால் இடப்பட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கண்டுபிடிப்பது நடைமுறையில் இயலாது. ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. இவை அனைத்துக்கும் அடிப்படை கணிதம்.

பொதுப்பணத்தில் விளைந்த அறிவு

பொதுச்சாவி என்னும் கருத்தை 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் வெளியிட்டனர். ஹெல்மன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். அடுத்த ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் நடைமுறைக்கு ஏற்ற முறையொன்றை உருவாக்கினர். மூவரின் முதலெழுத்துகளால் அது ஆர்எஸ்ஏ எனப்பட்டது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும், கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் இந்த ஆய்வுக்கு நிதி வழங்கின. அதாவது, மக்களின் வரிப்பணம் இந்தக் கணிதத்தில் கலந்திருந்தது.

ஆயினும் 1977 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டு, 1983 செப்டம்பர் 20 அன்று அது கழகத்தின் பெயரில் வழங்கப்பட்டது. அதன் தனியுரிமம் ஆர்எஸ்ஏ டேட்டா செக்யூரிட்டி என்னும் நிறுவனத்திடம் சென்றது. 1990இல் பப்ளிக் கீ பார்ட்னர்ஸ் என்ற கூட்டு நிறுவனம் உருவாகி, ஸ்டான்ஃபோர்டின் காப்புரிமைகளையும் மாசாசூசெட்ஸ் கழகத்தின் காப்புரிமையையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது. பொதுச்சாவி முறையில் அமெரிக்காவில் எவர் எதைச் செய்ய விரும்பினாலும் தட்ட வேண்டிய கதவு அது ஒன்றே என்ற நிலை ஏற்பட்டது. ஆய்வுக்கு நிதி வழங்கியதால் அமெரிக்க அரசு ஆர்எஸ்ஏ முறையைக் கட்டணமின்றிப் பயன்படுத்த முடிந்தது. அந்த நிதிக்கு வரி செலுத்திய மக்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

வாக்குறுதியும் பேரமும்

1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக நிஸ்ட், டிஜிட்டல் கையொப்பத் தரநிலைக்கான முன்மொழிவை வெளியிட்டது. ஆர்எஸ்ஏவுக்குப் பதிலாக டிஎஸ்ஏ என்னும் வேறொரு முறையை அது தேர்ந்தெடுத்தது. உலகெங்கும் எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் இது அமையும் என்பது அந்த அறிவிப்பின் வாக்குறுதி.

இந்த முறையை வடிவமைத்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை. உளவு வேலை செய்யும் அமைப்பு மக்களின் பாதுகாப்புக்கான பூட்டைச் செய்து தருகிறதே என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. சாவியின் நீளம் 512 பிட் மட்டுமே என்பதையும் வல்லுநர்கள் கண்டித்தனர். பின்னர் அது 1024 பிட் வரை உயர்த்தப்பட்டது. கட்டணமில்லாதது என்பதாலேயே ஒரு தரநிலை நம்பத்தக்கதாகிவிடாது. அதன் உருவாக்கமும் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது அப்போதே புலப்பட்டது.

அடுத்து வந்தது காப்புரிமைச் சிக்கல். முகமையில் பணியாற்றிய டேவிட் கிராவிட்ஸின் பெயரில் 1991 ஜூலையில் டிஎஸ்ஏவுக்கான காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டிருந்தது. அதன் உரிமை அமெரிக்க அரசிடம் இருந்தது. ஆனால் ஜெர்மன் கணிதவியலாளர் கிளாஸ் ஷ்னோர் கண்டறிந்த கையொப்ப முறைக்கு 1991 பிப்ரவரியிலேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருந்தது. டிஎஸ்ஏ தன் காப்புரிமையின் வரம்புக்குள் வருகிறது என்றார் ஷ்னோர். அந்தக் காப்புரிமைக்கான உரிமைகளையும் பெற்றுக்கொண்ட பப்ளிக் கீ பார்ட்னர்ஸ், அரசின் புதிய தரநிலை தனக்குக் கட்டுப்பட்டது என்று வாதிட்டது.

1993 ஜூனில் நிஸ்ட் ஒரு சமரசத்தை முன்வைத்தது. அரசின் கையிலிருந்த டிஎஸ்ஏ உரிமையை முழுவதுமாக அந்தத் தனியார் நிறுவனத்துக்கே தனியுரிமமாக அளிப்பது; அரசுப் பயன்பாட்டுக்கும் தனிநபரின் வணிகமற்ற பயன்பாட்டுக்கும் கட்டணம் இல்லை; மற்றவர்களிடம் நிறுவனம் கட்டணம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். 1991இல் உலகுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி, இரண்டே ஆண்டுகளில் பேரப்பொருளாகிவிட்டது.

முன்மொழிவு பொதுமக்களின் கருத்துக்காக வெளியிடப்பட்டதால்தான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. பயனாளர்கள், தொழில் நிறுவனங்கள், குடியுரிமை அமைப்புகள் என்று பல தரப்பினரும் எதிர்த்தனர். சமரசம் கைவிடப்பட்டது. 1994 மே மாதத்தில் தரநிலை கட்டணமற்றதாகவே வெளியாயிற்று. டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஷ்னோர் காப்புரிமையை டிஎஸ்ஏ மீறுகிறதா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் தீர்ப்பு வழங்கவேயில்லை. பங்காளிகளுக்குள் மூண்ட பூசலில் 1995இல் அந்தக் கூட்டு நிறுவனமே கலைந்தது.

கட்டணமில்லாக் கதவின் பயன்

அந்த எதிர்ப்பின் பயனைப் பின்னர் வந்த ஆண்டுகளில் காணலாம். 1999இல் முதல் பதிப்பு வெளியான கட்டற்ற மென்பொருளான ஜிஎன்யுபிஜி, ஆர்எஸ்ஏவைத் தவிர்த்து டிஎஸ்ஏ கையொப்பத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதே ஆண்டில் இணையத் தொடர்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறை வெளியானபோது, எல்லா மென்பொருள்களும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய முறையில் டிஎஸ்ஏ கையொப்பமே இடம்பெற்றது. 2000 செப்டம்பரில் ஆர்எஸ்ஏ காப்புரிமை முடிவுக்கு வந்த பிறகே அந்த முறை அமெரிக்காவில் எல்லாருக்கும் உரியதாயிற்று.

இழப்பின் கணக்கும் உண்டு. ஷ்னோரின் முறை எளிமையானது. அதன் பாதுகாப்பைக் கணித ரீதியாக நிறுவுவதும் ஒப்பீட்டளவில் எளிது. ஆயினும் காப்புரிமையின் காரணமாகத் தரநிலை வகுப்போர் அதை நெருங்கத் தயங்கினர். 2008இல் காப்புரிமை காலாவதியான பின்னர், 2011இல் அதே அடிப்படையில் எட்25519 என்ற கையொப்ப முறை உருவாக்கப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சித் தரநிலையில் அது இடம்பெற்றது 2023 பிப்ரவரியில்தான். அதே பதிப்பில், புதிய கையொப்பங்களை இடுவதற்கு டிஎஸ்ஏ இனி கூடாது என்றும் விதிக்கப்பட்டது. சிறந்த முறை ஒன்று பொதுப் பயன்பாட்டுக்கு வர முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புதுமையை ஊக்குவிக்கவே காப்புரிமை என்று வாதிடுவோர் இந்த முப்பதாண்டுக்கு விளக்கம் தர வேண்டும்.

நீள்வட்ட வளைவுக் குறியாக்கத் துறையிலும் இதே கதைதான். கனடாவின் செர்ட்டிகாம் நிறுவனம் அத்துறையில் காப்புரிமைகளைக் குவித்து வைத்திருந்தது. அவற்றுள் 26 காப்புரிமைகளுக்கான உரிமத்துக்காக 2003இல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2.5 கோடி டாலர் செலுத்தியது. வல்லரசின் கருவூலம் அதைத் தாங்கும். சிறு நிறுவனமோ, கல்லூரி ஆய்வுக்கூடமோ, தன்னார்வ நிரலாளரோ தாங்க இயலுமா?

மறைத்தலும் ‘நியாயமான’ கட்டணமும்

தரநிலை உருவாகும் அறையில் அமர்ந்துகொண்டு, தன் காப்புரிமையைச் சொல்லாமல் இருந்துவிட்டு, தரநிலை பரவிய பின் பணம் கேட்பது நன்கு அறியப்பட்ட தந்திரம். 1992இல் கணினிகளின் உள்ளிணைப்புக்கான விஎல்-பஸ் என்ற தரநிலை உருவானபோது, அது தன் காப்புரிமை எதையும் மீறவில்லை என்று டெல் நிறுவனத்தின் பிரதிநிதி எழுத்து மூலம் உறுதியளித்தார். தரநிலை சந்தையில் பரவியதும் அந்நிறுவனம் காப்புரிமை கோரியது. 1996இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதைத் தடுத்தது. காப்புரிமை வெளிப்படுத்தல் விதிகள் எதற்காக என்பதை இந்த வழக்கு காட்டுகிறது.

வெளிப்படுத்துவதோடு வேலை முடிந்துவிடாது. இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, பங்கேற்போர் தாம் அறிந்த தங்கள் காப்புரிமைகளை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. கட்டணம் கூடாது என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. வலைத்தளத் தரநிலைகளுக்கான டபிள்யூ3சி அமைப்போ 2004இல் கட்டணமற்ற உரிமத்தைக் கொள்கையாகவே ஏற்றது. இவ்விரண்டுக்கும் இடையே ‘நியாயமான, பாகுபாடற்ற கட்டணம்’ என்ற சொற்றொடர் உலவுகிறது. செவிக்கு இனிமையானது. ஆனால் கட்டற்ற மென்பொருளை எவரும் நகலெடுக்கலாம், பகிரலாம், மாற்றலாம். எத்தனை நகல்கள் புழங்குகின்றன என்று அதை உருவாக்கியவருக்கே தெரியாது. நகலுக்கு ஒரு ரூபாய் என்றாலும் அவரால் கணக்குக் காட்ட இயலாது. எனவே பெருநிறுவனத்துக்கு அற்பமான அந்த ஒரு ரூபாய், அவருக்கு மூடிய கதவாகிறது. பாகுபாடு அந்தச் சொற்றொடருக்குள்ளேயே இருக்கிறது.

இந்தியாவின் அனுபவம்

ஆர்எஸ்ஏ காப்புரிமை அமெரிக்காவுக்கு மட்டுமே உரியது. இந்தியாவில் அது செல்லாது. டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட அங்கீகாரம் அளித்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அமெரிக்காவிலும் அக்காப்புரிமை முடிந்துவிட்டிருந்தது. இந்தியா பெரிய சுங்கமின்றி இந்தச் சாலையில் ஏற முடிந்தது. ஆனால் அடுத்த சாலைக்கும் இதே வாய்ப்பு கிட்டும் என்று எண்ணுவதற்கில்லை.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறைகளும் அல்காரிதங்களும், கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பவையும் காப்புரிமைக்கு உரிய கண்டுபிடிப்புகள் ஆகா என்கிறது. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இப்பிரிவைத் தளர்த்தி, மென்பொருள் காப்புரிமைக்கு வழி திறக்க முயன்றது. இடதுசாரிக் கட்சிகளும் கட்டற்ற மென்பொருள் இயக்கங்களும் எதிர்த்ததன் விளைவாக, 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தில் அந்தத் தளர்வு இடம்பெறவில்லை. சட்டத்தில் தோற்றது வழிகாட்டு நெறிகள் மூலம் மீண்டும் வரப்பார்த்தது. காப்புரிமை அலுவலகம் 2015 ஆகஸ்டில் வெளியிட்ட நெறிகள் எதிர்ப்பினால் அதே ஆண்டில் நிறுத்திவைக்கப்பட்டன. புதிய வன்பொருளோடு இணைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2016இல் வந்தது. 2017இல் அது நீக்கப்பட்டது. வென்றதைக் காத்து நிற்காவிட்டால் நழுவும் என்பதற்கு இது சான்று.

2010 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையும் இங்கு நினைவுகூரத் தக்கது. ஒரு தரநிலையைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமைகள், அத்தரநிலையின் ஆயுட்காலம் முழுவதும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதி.

அடுத்த சாலை

போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி உருவானால், இன்று புழக்கத்தில் உள்ள ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவுக் கையொப்பங்கள் உடையும். எனவே நிஸ்ட் 2016 டிசம்பரில் புதிய முறைகளுக்கு அழைப்பு விடுத்தது. முறையை அளிப்போர் தங்கள் காப்புரிமை நிலையை எழுத்துமூலம் வெளிப்படுத்த வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதித்தது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான மூன்று தரநிலைகளில் இரண்டு கையொப்பத்துக்கானவை. மூன்றாவது சாவிப் பரிமாற்றத்துக்கானது.

அந்த மூன்றாவது முறையான கைபரின் மீது பிறர் காப்புரிமை கோரக்கூடும் என்ற நிலை இருந்தது. 2022 ஜூலையில் நிஸ்ட் அதைத் தேர்வு செய்தபோதே, ஆண்டு முடிவுக்குள் உரிம உடன்பாடு கையெழுத்தாகாவிட்டால் வேறொரு முறையைப் பரிசீலிக்கக்கூடும் என்று வெளிப்படையாக அறிவித்தது. உடன்பாடு அவ்வாண்டிலேயே வந்தது. தரநிலை வெளியான பின்பு இந்தக் கோரிக்கை எழுந்திருந்தால் மாற்று வழி இராது. பேரம் பேசும் வலிமையும் இராது. 1993இன் பாடம் முப்பதாண்டுகளுக்குப் பின் பயன்பட்டிருக்கிறது.

இந்தியாவின் வங்கிகளும் அரசுத் துறைகளும் வரும் ஆண்டுகளில் புதிய கையொப்ப முறைகளுக்கு மாற வேண்டியிருக்கும். அந்த மாற்றத்துக்கு முன்பாகக் கோர வேண்டியவை தெளிவானவை. எந்தத் தரநிலையையும் ஏற்கும் முன் அதன் மீதான காப்புரிமைகள் பொதுவெளியில் பட்டியலிடப்பட வேண்டும். மறைத்தவர் பின்னர் உரிமை கோர முடியாது என்று விதிக்கப்பட வேண்டும். காப்புரிமை கைமாறினாலும் கட்டணமற்ற உரிமம் தொடர வேண்டும். பொதுநிதியில் நடந்த ஆய்வின் பயனுக்கு மக்களிடம் இரண்டாம் முறை பணம் கேட்கக் கூடாது. முன்மொழிவுகள் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், கட்டற்ற மென்பொருள் இயக்கங்கள் அதில் பேச வேண்டும்.

குறியாக்கக் கணிதம் தெரிந்தவர்கள் மட்டுமே இதில் தலையிட முடியும் என்பதில்லை. இந்த முறை யாருடையது, எவ்வளவு காலத்துக்கு, என்ன நிபந்தனையில் என்ற மூன்று கேள்விகளை எந்த ஊழியரும் எழுப்பலாம். சாவடி எழும்பிய பின் அல்ல, சாலைக்கு அளவுக்கல் நடும்போதே அவற்றை எழுப்ப வேண்டும்.