பாசி எண்ணெயும் பெருக்கல் கணக்கும்

(ஒரு படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் வாசகம்)



சென்ற கூட்டத்தில் நாம் ஒரு தவறு செய்துவிட்டோம். ஒரு ஹெக்டேர் குளத்தில் நுண்பாசி வளர்த்தால் வருஷத்திற்கு 50,000 லிட்டர் எண்ணெய் எடுக்கலாம் என்று சொன்னோம். உடனே ஒரு பஞ்சாலைத் தோழர் எழுந்து, “ஒரு நாள் நன்றாக ஓடிய தறியைக் காட்டி வருஷ உற்பத்தியைக் கணக்குப் போடும் மானேஜரை எங்களுக்குத் தெரியும். இதுவும் அந்தக் கணக்குத்தானா?” என்று கேட்டார். அன்று நம்மிடம் பதில் இல்லை. ஆம், அதே கணக்குத்தான். இன்று அதைத் திருத்திக் கொள்வோம்.

அமெரிக்க அரசாங்கம் 1978 முதல் 1996 வரை, சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவில், பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆராய்ச்சியை நடத்தியது. 3,000-க்கு மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நியூ மெக்ஸிகோவில் ராஸ்வெல் என்னுமிடத்தில் 1,000 சதுர மீட்டர் குளங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். நல்ல நாட்களில் சதுர மீட்டருக்கு 50 கிராம் உலர்ந்த பாசி கிடைத்தது. வருஷச் சராசரியோ 10 கிராம்தான்! இரவுக் குளிர் வளர்ச்சியைக் கெடுத்தது. ஆராய்ச்சிசாலையில் பொறுக்கி எடுத்த பாசியை, காற்றோடு வந்த உள்ளூர்ப் பாசி துரத்திவிட்டது.

இப்போது பெருக்குவோம். 10 கிராம் வீதம் ஹெக்டேருக்கு வருஷத்தில் 36 டன் பாசி. அதில் கால் பங்கு எண்ணெய் என்றால் சுமார் 10,000 லிட்டர். நாம் சொன்ன 50,000 எங்கிருந்து வந்தது? 50 கிராமை 365 நாளாலும் பெருக்கியதால் வந்தது.

மேல் வரம்பு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல வெயில் அடிக்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் ஐந்தரை யூனிட் சூரிய சக்தி விழுகிறது. நம் வீட்டு மின்சார மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். ஒரு கிலோ உலர்ந்த பாசியை எரித்தால் சுமார் 6 யூனிட். ஆகவே 10 கிராம் என்பது 0.06 யூனிட், அதாவது விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கு. வெயிலில் பாதிக்கும் குறைவான பகுதியே பாசிக்கு உபயோகமாகும். அதிலும் பெரும்பகுதி உயிர்வேலையில் செலவாகிவிடும். எல்லாம் கூடிவந்தாலும் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போக முடியாது. இது இயற்கை போட்ட கோடு. எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இதைத் தாண்டாது. அதே இடத்தில் சாதாரண சூரியத் தகடு ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாகத் தருகிறது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. தழைச்சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசியில் எண்ணெய் விகிதம் ஏறும். ஆனால் வளர்ச்சி நின்றுபோகும். மொத்த எண்ணெய் கூடுவதில்லை. அதிக விகிதத்தை ஒரு சோதனையிலிருந்தும் அதிக வளர்ச்சியை வேறொரு சோதனையிலிருந்தும் எடுத்துப் பெருக்குகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு பாசி எந்தக் குளத்திலும் இல்லை.

கிடைத்ததெல்லாம் லாபமுமல்ல. திறந்த குளத்தில் ஒரு டன் தண்ணீரில் அரைக் கிலோ பாசிதான் மிதக்கும். அதைக் குழம்பாக்கிய பிறகும், ஒரு கிலோ பாசிக்கு நான்கு கிலோ தண்ணீர் ஒட்டிக் கொண்டிருந்தால், அதை ஆவியாக்கவே 3 யூனிட் வேண்டும். பாதி சக்தி போய்விட்டது! பம்பு, துடுப்புச் சக்கரம், உரம் இவற்றின் செலவு தனி. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012-ல் போட்ட கணக்குப்படி, அந்நாட்டுப் போக்குவரத்து எரிபொருளில் 5 சதவீதத்தைப் பாசியிலிருந்து எடுக்கவே வருஷத்திற்கு 60 லட்சம் முதல் 150 லட்சம் டன் வரை தழைச்சத்து தேவை. வயலுக்குப் போகும் உரத்தோடு இது போட்டி போடும்.

2009-ல் எக்ஸான்மொபில் கம்பெனி 60 கோடி டாலர் வரை பாசியில் போடுவதாக அறிவித்தது. 2023 வாக்கில் விலகிவிட்டது. இதனால் பாசி ஆராய்ச்சியே வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் குளங்களில் உரமும் தண்ணீரும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே கணக்கு வேறு விதமாக வரலாம்.

அந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் போடுவோம். பஞ்சாலைத் தோழர் முன்வரிசையிலேயே உட்காரட்டும்.