தங்கத்தைக் காந்தமாக்கும் ஒளி



தங்க நகையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்பு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுவோம். அந்தத் தங்கத்தையே ஒளியால் காந்தமாக்கலாம் என்றால் நம்புவீர்களா?

ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்று 1845இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். காந்தப் புலத்தில் வைத்த கண்ணாடிக்குள் சென்ற ஒளியின் அதிர்வுத் திசை திரும்பியது. இதன் மறுபக்கம் 1965இல் சோதனையில் தெரிந்தது. திருகுபோல் சுழன்று செல்லும் ஒளி, தான் பட்ட பொருளைக் காந்தமாக்கியது.

2020இல் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திரவத்தில் மிதக்கும் தங்க நுண்துகள்களில் இதை அளந்து காட்டினார்கள். ஒரு துகளின் அளவு தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. சுழலும் ஒளி பட்டதும் தங்கத்திலுள்ள எலெக்ட்ரான்களும் வட்டமிடுகின்றன. கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடினால் காந்தம் பிறக்கிறதல்லவா? அதைப்போலத்தான் இதுவும். ஆனால் ஒளி நின்றதும் காந்தமும் மறைந்துவிடும்.

இதனால் நமக்கு என்ன பயன்? நம் படங்களும் வங்கிக் கணக்குகளும் வன்தட்டுகளில் காந்தத் திசைகளாகவே பதிவாகின்றன. அவற்றை வைத்திருக்கும் தரவு நிலையங்கள் இடத்தையும் மின்சாரத்தையும் விழுங்குகின்றன. சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு நிலையங்களை நிறுத்திவைத்து, 2022இல்தான் நிபந்தனைகளுடன் மீண்டும் வழிவிட்டது. சிறிய இடத்தில் அதிகம் பதிய வழி தேடுவது இதனால்தான்.

பதிவுக்குத் தேவை, ஒளி போனபின்னும் நிலைக்கும் காந்தம். நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 2007இல் ஓர் உலோகக் கலவைப் படலத்தின் காந்தத் திசையை ஒளியால் மட்டுமே மாற்றினார்கள். ஒரு விநாடியைக் கோடி கோடிப் பங்காக்கினால், அதில் நான்கு பங்கு நேரமே அந்த ஒளித் துடிப்பு நீடித்தது. 2014இல் இரும்பு-பிளாட்டின நுண்துகள்களிலும் ஒளியின் கட்டுப்பாடு பலித்தது. ஆனால் பல துடிப்புகள் தேவைப்பட்டன.

இன்று விற்பனைக்கு வந்துள்ள புதிய வகை வன்தட்டுகளிலும் லேசர் உண்டு. அது துகளைச் சூடாக்கிக் காந்தப் பிடிப்பைத் தளர்த்துகிறது. திசையை எழுதுவது இன்னும் மின்காந்தம்தான். அந்த வேலையையும் ஒளியே நம்பகமாகச் செய்யும் நாளைத்தான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

ஆகவே நேயர்களே, "ஒளியால் இயங்கும் நினைவகம்" என்று செய்தி வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: விளக்கை அணைத்த பிறகும் அது நினைவில் வைத்திருக்குமா?