ரூட் கேனல் முடிஞ்சுது, பல் ஏன் உடைஞ்சுது?

போன எபிசோட்ல நான் கொழகொழன்னு பேசினதாக நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. மைக் பிரச்சினை இல்லை. வாய்க்குள்ள தையல். மேல் வரிசையில், இடது பக்கம், கோரைப்பல்லைத் தாண்டி இருக்கிற சின்னக் கடைவாய்ப்பல் ஒன்று இப்போ ஒரு பழைய மாத்திரை டப்பாவில் இருக்கு.

அந்தப் பல்லில் இரண்டு பக்கமும் சொத்தை. ரூட் கேனல் பண்ணி, தற்காலிகமா அடைச்சு, "ரெண்டு வாரத்துல வாங்க, நிரந்தரமா கட்டிடலாம்"னு டாக்டர் சொன்னார். வலி போச்சு. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ். அப்புறம் இன்னொரு ரிலீஸ். நாலு மாசம் ஓடிடுச்சு. ஒருநாள் தட்டையைக் கடிச்சேன், டக்குனு ஒரு சத்தம். பல் நெடுக்கா, வேர் வரைக்கும் பிளந்திருந்தது. பிடுங்கறதைத் தவிர வேற வழியில்லை.

"ரூட் கேனல் பண்ணின பல் காய்ஞ்சு போயிடும்டா, உடையத்தான் செய்யும்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். தேடிப் படிச்சால் கதை வேற. 1992-ல் செட்க்லி, மெஸ்ஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரூட் கேனல் செய்த 23 பற்களை, அதே ஆளின் எதிர்ப்பக்கத்து உயிருள்ள பல்லோடு ஜோடி ஜோடியாக ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரூட் கேனலால் பல் நொறுங்கும் தன்மைக்கு மாறுவதாகத் தெரியவில்லை.

அப்போ எது உடைக்குது? அதுக்கு 1989-ல் வந்த இன்னொரு ஆய்வு. அதே மெஸ்ஸர், கூட ரீ, டக்ளஸ். சின்னக் கடைவாய்ப்பற்களில் படிப்படியாகத் துளைத்து, ஒவ்வொரு படியிலும் விறைப்பு எவ்வளவு குறையுதுன்னு அளந்தாங்க. ரூட் கேனலுக்கான துளை மட்டும் போட்டால் சுமார் 5 சதவீதம். மேல்பரப்பில் மட்டும் குழி எடுத்தால் 20. ஆனா முன்பக்கம், பின்பக்கம் இரண்டு விளிம்பையும் எடுத்துட்டால் 63. அந்த விளிம்புகளை வயல் வரப்பு மாதிரி நினைச்சுக்கோங்க. என் பல்லில் சொத்தை தின்னது இரண்டு வரப்பையும்தான்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பார்க்கிறது ஜாவா வேலை, எல்லாரையும் போல. அந்த டிகிரி உபயோகப்பட்ட ஒரே இடம் இது. வரப்பு போன பல்லில் மிச்சம் இருக்கிறது இரண்டு தனிச்சுவர். ஒவ்வொன்றும் ஒரு கான்டிலீவர் பீம். நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. தடிமன் பாதியானாலும் எட்டு மடங்கு. ரூட் கேனலுக்காக உள்ளே ஆழமாத் தோண்டும்போது சுவர் உயரமாகுது, சொத்தையைச் சுரண்டும்போது மெலிசாகுது. ஒவ்வொரு கடியும் அந்த இரண்டு சுவரையும் ஆப்பு மாதிரி விலக்குது.

இங்கதான் காம்போசிட் வருது. ரெசினும் கண்ணாடித் தூளும் சேர்ந்த, பல் நிறத்துப் பசை. பழைய வெள்ளி அடைப்பு குழிக்குள்ள சும்மா உட்கார்ந்திருக்கும். இது ஒட்டும். அமிலம் வைத்து எனாமலைச் சொரசொரப்பாக்கி ஒட்டவைக்கிற முறையை புவோனகோர் 1955-லேயே எழுதிட்டார். ஒட்டினதால இரண்டு சுவரையும் பிடிச்சு வைக்குது. கோளாறும் உண்டு: நீல விளக்கில் இறுகும்போது கொஞ்சம் சுருங்கி, சுவரை உள்ளே இழுக்கும். அதனாலதான் வழக்கமான காம்போசிட்டை சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்கடுக்காக வைக்கிறாங்க. டாக்டர் வேணும்னே நேரம் இழுக்கறதில்லை.

இதைச் சோதிக்கிற விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிடுங்கின பல்லைக் குடைஞ்சு, அடைச்சு, நம்ம காலேஜ் லேப்ல கம்பியை இழுத்து அறுப்போமே, அதே யுடிஎம் மெஷினில் வைத்து உடையும்வரை அழுத்துவாங்க. எத்தனை நியூட்டன் தாங்குச்சுன்னு ஒரு எண் வரும். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறாங்க. என்னைக் கேட்டால் எப்படி உடைஞ்சதுன்னு பார்க்கணும். ஈறுக்கு மேலேயே உடைஞ்சால் திரும்பக் கட்டலாம். வேருக்குள்ள இறங்கினால் என் மாத்திரை டப்பாதான். கண்ணாடி நார் கலந்த காம்போசிட்டை அடியில் வைக்கிறதும் விரிசல் கீழே ஓடாமல் தடுக்கத்தான். இன்னொன்று, மெஷின் ஒரே ஒரு தடவைதான் அழுத்தும். வாய் தினமும் அரைக்கும்.

இதையெல்லாம் படிச்சு முடிச்ச வாரம், அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனல். "காம்போசிட் போதும்கிறார். கேப் போட்டாத்தான் கெட்டின்னு எதிர்வீட்டு அக்கா சொல்றாங்களே?"ன்னு போன் பண்ணாங்க. அக்கா சொல்றது பெரும்பாலும் சரிதான். 1984-ல் 1273 பற்களை ஆராய்ந்த சோரன்சன், மார்ட்டினாஃப் ஆய்வில், கடைவாய்ப்பற்களை மூடினது தெளிவா உதவியிருக்கு. முன்பற்களுக்கு அப்படி உதவலை.

டாக்டர்கிட்ட போனைக் குடுக்கச் சொல்லி ஒரே கேள்விதான் கேட்டேன்: "சார், ரெண்டு பக்க விளிம்பும் இருக்கா?" இருக்குன்னார். மேலே துளை மட்டும்தான், சுவரும் தடிமனா இருக்கு. கேப்புக்காகச் சுத்திலும் செதுக்கினால் நல்ல பல்லைத்தான் இழக்கணும். விளிம்பு போயிருந்தால் கேப்தான் சொல்லியிருப்பேன்னார்.

அம்மா அன்னைக்கே நிரந்தரமா அடைச்சிட்டு வந்துட்டாங்க. நான் இம்பிளான்ட்டுக்குக் காசு சேர்த்துட்டிருக்கேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம். யாராவது தற்காலிக அடைப்போட இதைக் கேட்டுட்டிருந்தீங்கன்னா, பாஸ் பண்ணிட்டு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டு வாங்க.