ஒட்டிப் பிரியும் இரட்டைப் பிணைப்பு

உரையைச் சுருக்கிக்கொள்ளும்படி அமைப்பாளர் காலையிலேயே காதில் போட்டுவிட்டார். ஆகவே ஒரே ஒரு பிணைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஷிரகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் 1977-இல் பாலிஅசெட்டிலீனை மின்கடத்தியாக்கிக் காட்டினார்கள். 2000-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் வழியில் வந்த பலபடிச் சங்கிலிகளுக்கெல்லாம் உயிர், ஒன்றுவிட்டு ஒன்று அமைந்த இரட்டைப் பிணைப்புகள்தான். அந்தப் பிணைப்பு அறுந்தால் அறுந்ததுதான். மறுபக்கம், 2002-இல் ஃபியூரானும் மலிமைடும் சேர்ந்து, சூடாக்கினால் விரிசலை ஆற்றிக்கொள்ளும் பலபடி வந்தது. நல்ல வேலை. ஆனால் அதன் பிரிந்து சேரும் கணுக்கள் எலக்ட்ரானுக்கு வழிவிடாதவை.

மின்சாரம் கடத்துவது, பிரிந்து மீண்டும் சேர்வது இரண்டையும் ஒன்றாகக் கேட்பது பேராசையாகத் தோன்றும். எத்திலீனின் இரட்டைப் பிணைப்பை இரண்டாகப் பிளக்க மோலுக்கு 700 கிலோஜூலுக்கு மேல் வேண்டும். அதை எந்த அடுப்பில் வைத்துப் பிரிப்பது?

இங்கேதான் கார்பீன் வருகிறது. நைட்ரஜன்கள் இருபுறமும் தாங்கி நிற்கும் கார்பீனில், கார்பனின் பிணைப்பில் சேராத இரு எலக்ட்ரான்களும் ஒரே அறையில் இணையாக அமர்ந்திருக்கின்றன. இன்னொரு கார்பீனோடு கைகோக்க வேண்டுமானால் அந்த இணை முதலில் பிரிய வேண்டும். அதற்கான செலவு இரு தரப்பிலும் விழுகிறது; பிணைப்பால் கிடைக்கும் வரவில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடுகிறது. மிச்சப்படுவது நலிந்த ஓர் இரட்டைப் பிணைப்பு. பென்சீன் வளையம் ஒட்டிய இமிடசோல், அதாவது பென்சிமிடசோல், வகையில் இந்த வரவுசெலவு ஏறத்தாழச் சமன்படுகிறது என்பதே நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

பெர்லினில் வான்ஸ்லிக் 1960-களில் இரு கார்பீன் சேர்ந்த இருபடிக்கும் தனிக் கார்பீனுக்கும் இடையிலான சமநிலையைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. லெமல் 1964-இல் இருவேறு இருபடிகளைக் கலந்து பார்த்தார். சமநிலை உண்மையானால் வந்திருக்க வேண்டிய கலப்பு விளைபொருள் கிடைக்கவில்லை. 1991-இல் அர்டுவெங்கோ டூபான்ட் ஆய்வகத்தில் கார்பீனைப் படிகமாகவே கையில் எடுத்தார். பென்சிமிடசோல் வகையில் சமநிலை உண்மைதான் என்பது 2000-ஐ ஒட்டி உறுதியானது. அதை உறுதிசெய்தவர்களில் ஒருவர் அதே லெமல்! தன் பழைய மறுப்பை முப்பத்தாறு ஆண்டு கழித்துத் தானே மீண்டும் சோதித்தவரை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கார்பீனைத் தனியே பிடிக்க நினைத்தவர்களுக்கு இருபடி ஒரு தொல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பியலாவ்ஸ்கி குழு அந்தத் தொல்லையையே கருவியாக்கியது. ஒரே வளையத்தின் இரு முனையிலும் கார்பீன் வைத்தால் இருபடியாவது சங்கிலியாக நீள்கிறது. ஒற்றை முனைக் கார்பீனைச் சேர்த்தால் சங்கிலி குறுகுகிறது. 2006-இல் வந்த கட்டுரை அது. நைட்ரஜன் மேலுள்ள தொகுதியைப் பருமனாக்கினால் பிணைப்பே உருவாகாது. சிறிதாக்கினால் பிடி இறுகிவிடும்.

இனி என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரியத் தூண்டும் அதே இட நெருக்கடி சங்கிலியை முறுக்கவும் செய்கிறது. முறுகினால் எலக்ட்ரான் பாதை மெலியும். இடையில் உலோகத்தைச் செருகிய பலபடிகளில் 2007-இல் அதே குழு சென்டிமீட்டருக்கு 10⁻³ சீமென்ஸ் அளவு கடத்துதிறனைக் கண்டது. கீறிய படலம் சூட்டில் வழிந்து ஆறியதையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. என் கேள்வி ஒன்றுதான்: ஆறிய இடத்தில் மின்சாரம் எவ்வளவு திரும்பியது? கீறும் முன், கீறிய பின், ஆறிய பின் என மூன்று எண்களையும் ஒரே படலத்தில் அளந்து தராத கட்டுரையை நான் பாதிக் கட்டுரையாகவே படிப்பேன்.

ஆக்சிஜனும் ஒரு பகை. நம் இணைப்பைப் போல நான்கு அமீன் தொகுதி ஏந்திய எத்திலீன் காற்றுப் பட்டால் பச்சையாக ஒளிரும். பார்க்க அழகு, நமக்கோ நட்டம். காற்றுப் புகாத க்ளவ் பாக்ஸுக்கு வெளியே ஒரு நாளாவது தாங்கிய மாதிரி யாரிடமாவது இருந்தால், தேநீர் வேளைவரை காத்திராமல் இப்போதே கை தூக்கலாம். இல்லையென்றால் முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரட்டும்.