பார்சலைப் பிரித்த பிறகு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முத்தையாபுரத்தில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற மாதம் இணையத்தில் ஒரு திசைகாட்டி வாங்கினேன். பிள்ளைகள் முன்னிலையில் பார்சலைப் பிரித்தேன். அட்டைப்பெட்டி, காற்றடைத்த பைகள், குமிழ்த்தாள், ஒட்டுநாடா. கடைசியில் உள்ளங்கைக்குள் அடங்கும் திசைகாட்டி. தராசில் வைத்தோம். பொருளைவிட உறைதான் கனம்.

"டீச்சர், எங்களை மஞ்சப்பை கொண்டுவரச் சொன்னீங்க. இதுக்கு எந்தப் பை?" என்று ஒரு மாணவி கேட்டாள். நான் தலைகுனிந்தேன்.

2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கடைக்குப் போகும்போது பை நம் கையில் இருக்கும். பார்சலின் உறையை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. பிளாஸ்டிக் உறைக்கழிவுக்கு உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வணிகப் பெயர் உரிமையாளர் ஆகியோரே பொறுப்பு என 2022இல் ஒன்றிய அரசு நெறிமுறை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும். இல்லையேல் பழி முழுவதும் அவர்கள் தலையில் விழும்.

மறுவாரம் ஒரு மாணவன் கருப்பட்டி வைக்கும் ஓலைப்பெட்டியைக் கொண்டுவந்தான். "எல்லாத்தையும் இதுலயே அனுப்பலாமே!" என்றான். சோதித்துப் பார்த்தோம். தூத்துக்குடி மக்ரூனில் இரண்டை ஓலைப்பெட்டியிலும், இரண்டை மூடிய எவர்சில்வர் டப்பாவிலும் வைத்தோம். வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரியால் ஆன பண்டம். கடற்காற்றின் ஈரத்தில் ஓலைப்பெட்டியில் இருந்தது நமத்துவிட்டது. டப்பாவில் இருந்தது மொறுமொறுப்பாகவே இருந்தது. உறை சரியில்லையெனில் உணவும் வீண்தான்.

அப்படியானால் வழி என்ன? கோலி சோடா பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். சோடா இறக்கிய வண்டி காலிப் பாட்டில்களோடு திரும்பும். அதே பாட்டில் கழுவப்பட்டு மறுபடி வரும். இன்றைய பார்சல் வண்டியோ உறையை நம்மிடமே விட்டுச் செல்கிறது. உறை எதனால் ஆனது என்பதோடு, அது திரும்பிப் போகிறதா என்பதும் முக்கியம் எனப் பிள்ளைகளே சொன்னார்கள்.

இப்போது எங்கள் ஆசிரியர்கள் நால்வர், தேவையானவற்றைச் சேர்த்து மாதம் ஒருமுறை வாங்குகிறோம். முடிந்தவற்றை ஊர்க் கடையிலேயே பையோடு போய் வாங்குகிறோம்.

நீங்களும் உங்கள் வகுப்பில் ஒரு பார்சலைப் பிரித்து எடை போடுங்கள். செலவில்லாத செயல்பாடு இது. ஆனால் பிள்ளைகள் முதலில் கேள்வி கேட்பது நம்மிடம்தான். அதற்கு ஆயத்தமாக இருங்கள்.